பெயர் வினையாதலும் வினை பெயராதலும்

மொழி பயில்வார்க்கு முதற்கண் கற்பிக்கப்படுவது சொற்களின் பாகுபாடு. ‘இது பெயர், இது வினை’ என்று பிரித்தறியக் கற்ற மாணவன், அப்பிரிவு மலைபோல் அசையாதது என்று எண்ணிவிடுகின்றான். ஆயின் சொற்கள் அங்ஙனம் ஓரிடத்தே நிலைத்து நிற்பன அல்ல. ஓரிடத்துப் பெயராய் நின்ற சொல் மற்றோரிடத்து வினையாய் நடத்தலைப் பல மொழிகளினும் காணலாம். மாறும் முறைதான் மொழிக்கு மொழி வேறுபடும். சீனம், ஆங்கிலம், தமிழ் என்னும் மூன்றையும் ஒருங்குவைத்து அம்முறையை நோக்குதலும், அதனால் தமிழ் எழுதும் மாணவர்க்கு விளையும் பயன் ஒன்றைக் கூறுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதனை எழுதத் தூண்டியது எம் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. ஆங்கிலப் பகுதி ஒன்றைத் தமிழாக்குமாறு மாணவர்க்குக் கொடுத்திருந்தோம். பெரும்பாலோர் எழுதியது இது: ‘அதிகாரியால் தறியின் பரிசோதனை மேற்கொள்ளப்பட்டது, பாவு பிணைத்தல் நடைபெறவில்லை என்பது அவரால் கண்டறியப்பட்டது.’ இதனை ஒருவர் உரக்கப் படித்தபொழுது, நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் சிரிப்பை அடக்க மாட்டாது தலைகவிழ்ந்தார். காரணம் வினவினோம்.

“ஐயா, எங்கள் பாட்டியிடம் இப்படிச் சொன்னால், ‘யாருக்கு என்னடா ஆயிற்று?’ என்று பதறிப் போவார்கள்” என்றார்.

“நீ எங்ஙனம் சொல்வாய்?”

“‘அதிகாரி வந்து தறியைப் பார்த்தார், பாவு இன்னும் பிணைக்கவில்லை என்று தெரிந்துகொண்டார்’ என்பேன், ஐயா. அவ்வளவுதான்.”

வகுப்பு முழுதும் சிரித்தது, யாமும் சிரித்தோம். ஆயினும், முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை யாதும் இல்லையே. இருந்தும் அஃது ஏன் உயிரற்றுக் கிடக்கின்றது என்னும் வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடியே பிற மொழிகளின் இயல்பையும் நோக்கப் புகுந்தோம்.

சீன மொழியின் இயல்பு

பட்டினால் வாழும் நம் ஊரார்க்குச் சீனம் முற்றும் அயலன்று. பட்டுப்புழு வளர்த்து நூலெடுக்கும் கலை தோன்றிய நாடு அது. வடமொழியாளர் பட்டாடையைச் சீனாம்சுகம் என்று வழங்கினர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிமாநகர்க்கு வந்தார். கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன் 720-ஆம் ஆண்டில் சீனப் பேரரசனிடம் தூது விடுத்தான். அத்தூதரோடு சென்ற மொழிபெயர்ப்பாளர் எவராயினும், சீனச் சொற்களின் நடையைக் கண்டு முதலிற் சற்றே திகைத்திருப்பார் என்று எண்ணுதல் மிகையாகாது.

திகைப்பின் காரணம் யாதெனின், சீனச் சொல்லில் வேற்றுமை உருபு ஒட்டுவதில்லை. திணை, பால், இடம் காட்டும் விகுதியும் இல்லை. ‘ஹுவா’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது படத்தையும் குறிக்கும், வரைதலையும் குறிக்கும். ‘வோ’ என்பது ‘நான்’. ‘வோ ஹுவா ஹுவா’ என்றால் ‘நான் படம் வரைகிறேன்’ என்பது பொருள். ஒலியும் ஒன்று, எழுத்தும் ஒன்று, முன் நிற்பது வினை, பின் நிற்பது பெயர். இஃது எதனால் அறியப்படுகின்றது? நிற்கும் இடத்தால் அறியப்படுகின்றது. அவ்வாறே ‘ஸுவோ’ என்பது பூட்டு என்னும் பெயருமாம். பூட்டுதல் என்னும் வினையுமாம்.

சில சொற்களில் இடத்தோடு தொனியும் துணைசெய்யும். ‘ஜோங்’ என்பதனைத் தாழ்ந்தெழும் தொனியில் ஒலித்தால் விதை. மேலிருந்து வீழும் தொனியில் ஒலித்தால் விதைத்தல் அல்லது நடுதல். பழஞ்சீனத்தில் ‘யீ’ என்பது சமமான தொனியில் உடையையும், வீழும் தொனியில் உடுத்தலையும் குறித்தது. நம் உடு, உடை என்னும் இரண்டையும் இதனோடு ஒப்புநோக்குக. நாம் சொல்லின் இறுதியை மாற்றிக் காட்டுவதை அவர் தொனியை மாற்றிக் காட்டினர்.

இதனால் சீனர்க்குச் சொற்பாகுபாடு பற்றிய எண்ணமே இல்லை என்று கருதற்க. அந்நாட்டுப் பழைய அறிஞர் சொற்களை நிறைசொல், வெறுஞ்சொல் என்று பிரித்தனர். பொருளின் பெயராய் அசையாது நிற்கும்பொழுது ஒரு சொல்லை இறந்த சொல் என்றும், தொழிலைக் காட்டி இயங்கும்பொழுது உயிருள்ள சொல் என்றும் வழங்கினர். எனினும் ஐரோப்பிய இலக்கண முறையைத் தழுவிச் சீனர் ஒருவரே தம் மொழிக்கு விரிவான இலக்கணம் இயற்றியது 1898-ஆம் ஆண்டில்தான். அவர் பெயர் மா ஜியென்ஜோங். பெயர் உயிரற்றது, வினை உயிருள்ளது என்னும் அப்பழைய குறியீட்டை மாணவர் நினைவில் இருத்துவாராக. அதற்கு மீண்டும் வருவோம்.

ஆங்கிலம் வந்த வழி

ஆங்கிலம் தொடக்கத்தில் இங்ஙனம் இருந்ததன்று. 1066-ஆம் ஆண்டுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்னும் பெயர் ‘லுஃபு’ என்றும், அன்பு செய்தல் என்னும் வினை ‘லுஃபியான்’ என்றும் இறுதியால் வேறுபட்டு நின்றன. பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்விறுதிகள் தேய்ந்து மறைந்தன. இன்று இரண்டும் ‘லவ்’ என்னும் ஒரே வடிவாய் நிற்கின்றன. வேலி அழிந்த பின் இரு வயல்களும் ஒன்றானவாறு போல, விகுதி அழிந்த பின் பெயரும் வினையும் கலந்தன.

கலந்ததன் பயனாய் ஆங்கிலத்திற்கு ஒரு வலிமையும் உண்டாயிற்று. கை என்னும் பொருளுடைய ‘ஹேண்ட்’ கொடுத்தலாகின்றது. நீர் என்னும் பொருளுடைய ‘வாட்டர்’ நீர்பாய்ச்சுதலாகின்றது. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ சரக்கு அனுப்புதலாகின்றது. நெசவுத் தொழிலிலிருந்தே ஒன்று கூறுவோம். ஊடை நூலைச் சுமந்து இப்புறமும் அப்புறமும் ஓடும் நாடாவை ஆங்கிலத்தில் ‘ஷட்டில்’ என்பர். அப்பெயரையே வினையாக்கி, இரண்டு ஊர்களுக்கிடையே ஓயாது சென்று வருதலையும் அச்சொல்லாற் கூறுவர். நாமோ ‘நாடாப்போல் சென்று வந்தான்’ என்று உவமைதான் கூறக்கூடும். நாடாவையே வினையாக்கி விகுதி சேர்க்க நம் செவி இடந்தாராது.

ஆங்கிலத்திலும் சில சொற்கள் ஒலியால் வேறுபடுதல் உண்டு. ‘ரெக்கார்டு’ என்னும் சொல்லின் முதலசையை அழுத்திக் கூறின் ஆவணம். இரண்டாம் அசையை அழுத்திக் கூறின் பதிவுசெய்தல். இது சீனத்தின் தொனி மாற்றத்தை ஒருவாறு நினைப்பூட்டும்.

தமிழின் முறை

இனி நம் மொழிக்கு வருவோம். தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை என முதற்கண் இரண்டாகவே கொண்டார். இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்றார். பெயருக்கும் வினைக்கும் அவர் காட்டிய எல்லை மிகத் தெளிவானது. வேற்றுமை ஏற்பது பெயர். வேற்றுமை ஏலாது காலத்தோடு தோன்றுவது வினை. சொல் எவ்விடத்து நிற்பினும், அது பூண்டிருக்கும் உருபும் விகுதியுமே அதனைக் காட்டிக் கொடுக்கும். ‘அதிகாரி தறியைப் பார்த்தார்’ என்பதனைத் ‘தறியைப் பார்த்தார் அதிகாரி’ என்று மாற்றினும் பொருள் பிறழாமைக்குக் காரணம் இதுவே.

ஆயின் உருபும் விகுதியும் பூணுமுன் உள்ள அடிச்சொல் எத்தகையது? 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இம்மொழிகளின் அடிச்சொற்கள் சில யாதொரு மாற்றமுமின்றிப் பெயராகவும் வினையாகவும் வழங்குதலை எடுத்துக்காட்டினார். ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் மாமரத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தளிர் தளிர்க்கின்றது, அரும்பு அரும்புகின்றது, பூப் பூக்கின்றது, காய் காய்க்கின்றது, கனி கனிகின்றது. ஒவ்வொன்றிலும் முன் நிற்பது பெயர், பின் நிற்பது வினை, அடி ஒன்றே. சீனரின் ‘ஹுவா ஹுவா’ என்பதற்கு இவை மிக அணுக்கமானவை அல்லவா? நெசவுக்கு முற்பட்ட தொழிலிலும் ‘நூல் நூற்றாள்’ என்கிறோம். சீனத்தில் சொல் வெறுமனே நிற்கும். தமிழில் வினையாகும்பொழுது காலமும் இடமும் காட்டும் உறுப்புகளைப் பெறும் என்பதே வேற்றுமை.

வினை பெயராகும் வழிகள் தமிழில் பல. அவற்றை நம் ஊர்த் தறியருகே நின்றே கற்கலாம்.

முதலாவது, வினையடி அப்படியே பெயராதல். பட்டிழையை முறுக்குகின்றனர், அதில் ஏறியது முறுக்கு. தாரில் நூலைச் சுற்றுகின்றனர். சுற்றியது ஒரு சுற்று. பாவுதல் என்பது பரவுதல். நீளப் பரப்பிய நெடுக்கிழைத் தொகுதியே பாவு. அதனைத் தெருவில் விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்தும் காட்சியைக் கண்டார்க்கு, அப்பெயர் ஏன் வந்தது என்று உரையாசிரியர் எவரும் விளக்க வேண்டுவதில்லை. முறுக்கு என்பது தின்பண்டத்திற்கும் பெயராயினமை மாணவர்க்கு நன்கு தெரியும்.

இரண்டாவது, அடியின் முதல் நீண்டு பெயராதல். சுடு என்பது சூடு என்றும், பெறு என்பது பேறு என்றும், கெடு என்பது கேடு என்றும், உண் என்பது ஊண் என்றும் ஆயின. சீனர் தொனியால் செய்ததையும் ஆங்கிலர் அழுத்தத்தால் செய்ததையும் நம் முன்னோர் ஓரளவு மாத்திரையால் செய்தனர் என்க.

மூன்றாவது, விகுதி பெற்றுப் பெயராதல். நெய் என்பதிலிருந்து நெய்தல், நெசவு. மடி என்பதிலிருந்து மடிப்பு. பின் என்பதிலிருந்து பின்னல். கோ என்பதிலிருந்து கோவை. காஞ்சிப் பட்டுச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாய் இருக்க, அவற்றின் ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்யும் வேலைப்பாட்டைக் கோர்வை என்று நெசவாளர் வழங்குவர். இரு கரையும் நடுவுடலும் தனித்தனி நாடாவால் ஓடிச் சேருமிடத்தில் தோன்றும் அப்பெயரினுள்ளும் கோத்தல் என்னும் வினையே ஒலிக்கின்றது.

நான்காவது, வினைமுற்றே பெயராதல். இதனை இலக்கண நூலார் வினையாலணையும் பெயர் என்பர். இது காலத்தையும் காட்டும், வேற்றுமையையும் ஏற்கும். ‘நெய்தானைக் கண்டேன்’, ‘நெய்தார்க்குக் கூலி கொடுத்தான்’ என வரும். இவ்விடத்தே வியத்தகு ஒன்று உளது. ‘நெய்தார் விற்றார்’ என்றால், நெய்தவர் எவரோ அவரே விற்றார் என்பது பொருள். ‘விற்றார் நெய்தார்’ என்றால், விற்றவர் நெய்தார் என்பது பொருள். உருபு இல்லை, வடிவும் மாறவில்லை, இடம் ஒன்றே பெயரையும் வினையையும் பிரிக்கின்றது. சொல்லுறுப்பே யாவும் என்று நாம் மேற்கூறிய தமிழும் இவ்வொரு வாயிலில் சீனத்தின் வழி நடத்தலைக் காண்க.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். ஒலி ஒன்றாய் இருப்பன எல்லாம் பெயர் வினை மாற்றம் ஆகா. ஆடையாகும் பட்டு வேறு. துன்பப்பட்டு என்பதிலுள்ள பட்டு வேறு. துணி நெய்தலின் நெய் வேறு. உருக்கிய நெய் வேறு. சேலையின் கரை வேறு. நீரிற் கரைதல் வேறு. பொருளில் உறவு உண்டா என்று ஆராயாது ஒலியை மட்டும் பற்றிச் சொல்லாராய்ச்சி செய்வார், வழிதவறுவது உறுதி.

ஒருவழிப் பாதை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தமிழில் வினையிலிருந்து பெயர் பிறத்தல் எளிது. எந்த வினையையும் ஒரு நொடியிற் பெயராக்கலாம். பெயரிலிருந்து வினை பிறத்தலோ அத்துணை எளிதன்று. தளிர், பூ, காய் முதலியவற்றில் அடியே பொதுவாய் உள்ளது. வடசொற்கள் சிலவற்றிற்கு நம் முன்னோர் ஓர் இகரத்தைத் துணைகொடுத்துப் பூசை என்பதனைப் பூசித்தான் என்றும், தியானம் என்பதனைத் தியானித்தான் என்றும் நடக்கச் செய்தனர். இவையல்லாத பெயர்களுக்குச் செய், இடு, படு, அடி போன்ற ஒரு வினையைத் துணைக்கழைத்தல் வேண்டும். சாயம் இட்டான் என்கிறோம். போன் செய்தான் என்கிறோம். சரிகையை மட்டும் வைத்து ஒரு வினைமுற்று ஆக்க நம்மால் இயலாது. ஆங்கிலனும் சீனனும் இருவழியும் செல்வர். நமக்கோ போகும் வழி அகலம். மீளும் வழி குறுகல்.

இதனை அறிந்தால், எம் வகுப்பில் எழுந்த வினாவிற்கு விடை கிடைத்துவிடும். பார்த்தார் என்னும் வினை இருந்தது. அதனைப் பரிசோதனை என்னும் பெயராக்கினர். பெயர் தானே நடவாதாகையால், அதனைத் தூக்கிச் செல்ல மேற்கொள் என்னும் வேறொரு வினையைக் கூலிக்கு அமர்த்தினர். அதனையும் செயப்பாட்டு வினையாக்கினர். பிணைத்தலுக்கு நடைபெறு என்பது கூலியாளாயிற்று. இங்ஙனம் நல்ல கால்களை வெட்டிவிட்டுக் கட்டைக்கால் பொருத்தியதே அவர்கள் செய்த வேலை. ஆங்கில உரைநடை, சிறப்பாக அலுவலக உரைநடை, பெயர்களை அடுக்கிச் செல்லும் இயல்பினது. எனினும் அம்மொழியில் வினையாக வேண்டிய பெயர் தானே வினையாகிவிடும். தமிழிலோ ஒருமுறை பெயராக்கிய வினையை மீட்க வேறொரு வினையின் உதவி வேண்டும். ஆதலின் ஆங்கிலத்தின் பெயரடுக்கைத் தமிழிற் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன், ஆங்கிலத்தைவிடப் பளுவான தமிழையே எழுதுவான். சீன அறிஞர் கூறிய இறந்த சொல், உயிருள்ள சொல் என்னும் பிரிவு இங்கே நினைக்கத்தக்கது.

தொழிற்பெயரே கூடாது என்பது எம் கருத்தன்று. நெசவு, கல்வி, அறிவு, அன்பு என்பன இன்றி நூல் எழுத ஒண்ணாது. ஒரு தொழிலைப் பொருளாக்கி அதன் இயல்பை ஆராயுமிடத்துப் பெயர் இன்றியமையாதது. ஒருவன் ஒன்றைச் செய்தான் என்று கூறுமிடத்து வினையே ஏற்றது. ‘விசாரணை மேற்கொண்டனர்’ என்னாது ‘விசாரித்தனர்’ என்க. ‘முடிவு எடுக்கப்பட்டது’ என்னாது ‘முடிவு செய்தோம்’ என்றோ ‘துணிந்தோம்’ என்றோ எழுதுக. அங்ஙனம் எழுதுங்கால் செய்தவர் யார் என்பதும் மறையாது வெளிப்படும். செயலுக்கு உரியவரைச் சொல்ல அஞ்சும் இடத்திலன்றோ பெயரடுக்கு மிகுதியும் இடம்பெறுகின்றது! ஆதலால் இஃது இலக்கண அழகு மட்டும் பற்றியதன்று; நேர்மையும் பற்றியதாம்.

மற்றொன்றும் கூறுதும். வினைச்சொற்களின் களஞ்சியம் நூல்நிலையத்தில் மட்டும் இல்லை. முறுக்கு, தோய், சுற்று, பிணை, கோ, நெய், மடி என்னும் வினைகளை நாள்தோறும் கையாலும் வாயாலும் வழங்குவோர் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளர். கைத்தறியை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றோர் பலர். ஒரு தறி ஓயும்பொழுது துணி மட்டும் குறைவதில்லை. அத்தறியோடு ஒட்டி வாழ்ந்த வினைகளும் வாய்வழக்கினின்று மெல்ல நழுவுகின்றன. பெயர் மறைந்தால் வேறொன்றை இரவல் வாங்கலாம். வினை மறைந்தால், மீளும் வழி குறுகிய நம் மொழியில் அதனை மீண்டும் படைத்தல் அரிது. ஆகவே நெசவுக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் தம் வீட்டுச் சொற்களை வாயிற்படியில் விட்டுவிட்டு வருதல் வேண்டா. அவற்றை எழுதி வைப்பாராக. தம் பாட்டிமாரைக் கேட்டுப் பொருளைத் தெளிவாராக. கட்டுரைகளில் தகுந்த இடத்தே ஆளுவாராக.

முடிவாக, இலக்கணத்தில் எமக்கு இனிமை பயக்கும் ஒரு சொல்லைக் காட்டி அமைவோம். குறிப்புவினை என்பதொன்று நம் மொழியில் உண்டு. பெயரடியிலே தோன்றி, காலத்தை வெளிப்படையாய்க் காட்டாது, வினையின் விகுதியை மட்டும் பெற்று முற்றாய் நிற்பது அது. குறுகிய வழி என்று மேலே கூறினோமே, அவ்வழியிலும் பெயர் ஒன்று வினையாய் மீண்டு வருதலை அதிற் காணலாம். கச்சி என்பது நம் ஊரின் பழம்பெயர். அதனோடு தன்மைப் பன்மை விகுதியைச் சேர்ப்பின் கச்சியேம் என்றாகும். கச்சியைச் சேர்ந்தவர் யாம் என்பது பொருள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களால் கூறவேண்டியதை ஓர் ஊர்ப்பெயரே வினையாகிக் கூறிவிடுகின்றது.

அன்று சிரித்த அம்மாணவர் இவ்விலக்கணத்தைப் பாடத்தில் அறிந்த நாளில், தம் ஏட்டின் முதற்பக்கத்தில் இச்சொல்லை எழுதிக் காட்டினார். பிழை யாதும் இல்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.